பூகம்பம் தாங்கும் வீட்டில் ஓர் ஆனிக் காற்று

பூகம்பத்துக்குப் பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் பூகம்பம் வராத ஊர்களில்தான் வசிக்கிறார்கள். பூகம்பம் வரும் ஊர்க்காரர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்காது என்று நினைக்கிறேன். நான் கூடலூர்க்காரன். எங்கள் தலைக்கு மேலே, மலையில், ஓர் அணை நிறையத் தண்ணீர் நிற்கிறது. அதைப் பற்றி ஒருநாளும் கவலைப்படாத நான், இருபத்தைந்தாவது வயதில், காலுக்குக் கீழே இருந்த மண்ணைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

காரணம் பத்திரிகை. வடக்கே எங்கோ பூமி அதிர்ந்து ஊர் ஊராக மண்மேடாகிப் போன செய்தியைப் படித்தேன். அதற்கு மேல் ஒரு மாதப் பத்திரிகை, ஜப்பான் தேசத்தில் பூகம்பம் தாங்கும் வீடுகளை எப்படிக் கட்டுகிறார்கள் என்று படத்துடன் விளக்கியிருந்தது. நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். அச்சில் வந்ததை நம்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம் வேறு. வரப்போகிறவளைப் பூமாதேவியிடமிருந்து காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன். பாகப்பிரிவினையில் கல்லால் கட்டிய பழைய வீட்டை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து, ஊர்க்கோடிக் காலி மனையைப் பெருந்தன்மையோடு வாங்கிக்கொண்டேன். (“நெசமாத்தான் சொல்றியாடா?” என்று அண்ணன் ஒரே ஒரு தடவை கேட்டார். மறுதடவை கேட்கவில்லை.)

வீட்டின் தத்துவம் எளியது. கனம் கூடாது, விறைப்பு கூடாது. ஆகவே தூண்களை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்தினேன். சுவர் என்பது மூங்கில் தட்டி, இருபுறமும் மண் பூசி மேலே சுண்ணாம்பு. ஆணிக்குப் பதில் கயிறு. மேலே புல் கூரை. பரண் கிடையாது. ஓடித் தப்புவதற்கு வசதியாகக் கதவுகள் எல்லாம் வெளிப்பக்கம் திறக்கும். கட்டி முடித்தது பங்குனியில். பங்குனியில் எங்கள் ஊரில் இலை அசையாது. ஆனி முடியும் தறுவாயில் மலை இடுக்கு வழியாக ஒரு காற்று இறங்கும். ஆடி முழுதும் ஆளைத் தள்ளும். பிறந்தது முதல் அந்தக் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தவன்தான் நான். ஆனால் காற்றைப் பற்றி ஜப்பான் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை.

வைகாசியில் கல்யாணம் முடிந்து சின்னமனூரிலிருந்து அவள் வந்து சேர்ந்தாள். வந்த மறுநாளே வீட்டின் குணம் தெரிந்துவிட்டது. சமையலறையில் அவள் அம்மியில் அரைத்தால் முன்னறையில் என் கண்ணாடி நடுங்கும். அவள் அரைத்து முடிக்கும்வரை ஒரு பக்கத்து மீசையோடு காத்திருப்பேன். பரண் இல்லாததால் சட்டி பானை எல்லாம் தரையில். ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகத் தாண்டித் தாண்டித்தான் போகவேண்டும். சுவர் எவ்வளவு மெல்லிசு என்று சொல்லவேண்டாம். நான் முன்னறையில் தும்மினால் கொல்லையில் மாடு திரும்பிப் பார்க்கும். அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள் என்பது மட்டும் சுவர் வழியாகக் கேட்கும்.

ஒரு சங்கதி சொல்ல மறந்துவிட்டேன். என் பெயர் வெள்ளைச்சாமி. புருஷன் பெயரைப் பெண்டுகள் வாயால் சொல்லாத காலம். இவள் அதில் மகா கண்டிப்பு. ‘வெள்ளை’ என்ற சொல்லையே விலக்கிவிட்டாள். வெள்ளைப்பூண்டு ‘ரசத்துல போடுறது’ ஆயிற்று. என் வேட்டிகள் ‘பால் நெறத்து’ வேட்டிகள். என்னைக் கூப்பிட ‘ஏங்க’, அதிகம் போனால் ஓர் இருமல்.

ஆனிக் கடைசியில், வழக்கப்படி, மகளை ஆடிக்கு அழைத்துப்போக மாமனார் வண்டி கட்டி வந்தார். கூட அவர் தம்பியும் என் மாமியாரும். வாத்தியார் பெண்டாட்டியைக் குருவிக் கூட்டில் வைத்திருக்கிறார் என்ற சேதி முன்பே சின்னமனூர் போய்ச் சேர்ந்திருந்தது. மாமனார் வெற்றிலைக் கொடிக்கால்காரர், கனத்த சரீரம். உட்கார்ந்தவர் முதுகைச் சுவரில் சாய்த்தார். சுவரும் அவரோடு சாய்ந்தது. நிமிர்ந்தார். அதுவும் நிமிர்ந்தது.

“என்ன மாப்ள, செவரு சாயிது?”

“சாயாது மாமா. வளைஞ்சு குடுக்கும்.”

“செவரு எதுக்கு வளையணும்?”

“பூமி அதிர்ந்தா கூடவே ஆடும், விழாது. அதான் தத்துவம்.”

“இங்கன எப்ப அதுர்ந்துச்சு?”

“இதுவரைக்கும் இல்ல.”

“இனிமே அதுருமின்னு யாரு சொன்னாக?”

“அப்படி யாரும் சொல்லல மாமா. ஜப்பான்ல...”

“நான் பொண்ணக் குடுத்தது ஜப்பான்லயா, கூடலூர்லயா?”

தம்பிக்காரர் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். மாமனாருக்குச் சிரிப்பு வரவில்லை. “பிள்ளைய ஆடிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆவணியில செவருன்னு ஒண்ணு எழுப்பிட்டு ஆள் அனுப்புங்க. அதுவரைக்கும் அவ அங்கனயே இருக்கட்டும். தப்பா நெனைக்காதிய மாப்ள.”

சமையலறையில் அம்மி நின்றது. வீடும் நின்றது. அவள் கேட்டுவிட்டாள். சுவர் எழுப்ப என்னிடம் வழி ஏது? இருந்ததெல்லாம் மூங்கிலாகி நின்றுகொண்டிருந்தது. தைப்பொங்கலுக்குக்கூட அவள் வருவது சந்தேகம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

இலை போட்டார்கள். ஆண்கள் மூவரும் உட்கார்ந்தோம். அவள் முகத்தைக் காட்டாமல் பரிமாறினாள். பாயசம் வந்த சமயம் பார்த்து மலையிலிருந்து காற்று இறங்கியது. முதலில் கூரை முனகியது. பிறகு தூண்கள் ஒவ்வொன்றாகக் கல்லின்மேல் கறுக் கறுக்கென்று நகர்ந்தன. பாயசம் இலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. தம்பிக்காரர் எழுந்தார்.

“ஆத்தாடி! அண்ணே, மாப்ள சொன்னது வந்திருச்சு! ஓடுங்க!”

கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும் என்று சொன்னேன் அல்லவா? அதில் ஒரு குறையும் இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் வீடு காலி. மாமியார் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் மட்டும் எழவில்லை. இப்போது எழுந்தால் என் தத்துவமும் எழுந்து ஓடியதாகிவிடும். “யாரும் பயப்படாதீங்க! இது தாங்கும்!” என்று கூவி, அதை நிரூபிப்பதற்காக ஒரு முழு வடையை வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் சுவர் கயிற்றை அறுத்துக்கொண்டு என்மேல் வந்து படுத்தது.

அடி படவில்லை. கனமில்லாத சுவர் விழுந்தாலும் ஆளைக் கொல்லாது என்று கட்டுரையிலேயே இருந்தது. இருட்டில், தலையில் பாயசத்தோடு, ‘பார்த்தாயா, பலித்துவிட்டது’ என்று எனக்கு ஒரு பெருமிதம்கூட வந்தது. அதை வெளியே அறிவிக்க வடை விடவில்லை.

வெளியே கூச்சல். “மாப்ள எங்கன? மாப்ளையக் காணோமே!” பிறகு அவள் குரல். “ஏங்க!” பதில் இல்லை. “ஏங்க... இந்தாங்க...” எனக்கு வடை பாதிதான் இறங்கியிருந்தது. ஒரு கணம் காற்றின் சத்தம் மட்டும். அப்புறம், தெருவே கேட்க, தகப்பன், சித்தப்பன், எதிர்வீட்டுக்காரர், வண்டிமாடு அத்தனையும் கேட்க ஒரு கத்தல்:

“வெள்ளச்சாமீ! ஏ வெள்ளச்சாமி!”

‘ங்க’ கிடையாது, ஒன்றும் கிடையாது. என் தாயார்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

சுவரை ஒரு கையால் தூக்கிக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தேன். மண்ணும் சுண்ணாம்புமாக, உச்சி முதல் பாதம் வரை பெயருக்கு ஏற்ற நிறம். அவள் என்னைப் பார்த்தாள். தான் கூப்பிட்டது என்ன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு தாயாரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

மாமனார் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த சுவரைப் பார்த்தார்.

“புருசன் பேரச் சொல்லிப்புட்டாளே கழுத,” என்றார். குரலில் கோபத்தைத் தேடினேன், அகப்படவில்லை. “இனி இவள அங்கன எத்தன நாளைக்கு வச்சிருக்க முடியும்? மாப்ள, மொதல்ல அந்தச் செவரக் கீழ வைங்க.”

ஆடிக்கு அவளை அழைத்துத்தான் போனார், வழக்கத்தை விடமுடியாது. ஆவணி பிறந்ததும், நான் ஆள் அனுப்பாமலே, வண்டிகள் வந்தன. முன்வண்டியில் அவள். பின்னால் வந்தவற்றில் செங்கல். மாமனார் கூடவே தங்கி, என்னை ஒரு வார்த்தை பேசவிடாமல், ஒரு முழ அகலத்துக்கு நாலு சுவரையும் எழுப்பிவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது தலைபோகிற காரியம் என்பதற்கு ஓர் அளவு வந்துவிட்டது. யாராவது பதறிக்கொண்டு ஓடிவந்தால், “பேரச் சொல்ற அளவுக்கு வந்திருச்சா?” என்று கேட்பார்கள். இல்லையென்றால் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

யுத்த காலத்தில் ரேஷனுக்குப் பெயர் எழுத ஒருவர் வாசலில் வந்து நின்றார். “வீட்டுக்காரர் பேரு என்னம்மா?” நான் உள்ளேதான் இருந்தேன். இருமலை அடக்கிக்கொண்டு, அசையாமல், காத்திருந்தேன்.

“உள்ளதான் ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காக,” என்றாள் அவள். “அவுகளே வந்து சொல்லுவாக. நான் சொல்லணுமின்னா செவரு விழணும்.”

போய்ச் சொன்னேன். வேறு என்ன செய்ய?

ஒவ்வோர் ஆனியிலும் அந்தக் காற்று இன்னும் தவறாமல் இறங்குகிறது. நானும் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து பார்க்கிறேன். மாமனார் எழுப்பிய சுவர். ஓர் இம்மிகூட அசையமாட்டேன் என்கிறது.