ஞானசேகரனின் கொண்டைச் சபதம்

"உன் தம்பி இந்த வீட்டைக் காலி பண்ணுத வரைக்கும் என் தலையில கத்தரி படாது!"

தாராவியில், ஏழாவது மாடியில், ஓர் அறையும் அடுக்களையுமான தன் வீட்டின் நடுவே நின்று ஞானசேகரன் சபதம் போட்டார். கை தானாக மேலே போயிற்று. மேலே மின்விசிறி சுற்றுவது ஞாபகம் வந்து பத்திரமாகக் கீழே இறங்கியது.

நாலு நாளில் வேலை தேடிக்கொள்வதாக நாகர்கோவிலிலிருந்து வந்த மச்சினன் சாஜன், சோபாவிலேயே ஒரு மழைக்காலத்தைக் கழித்துவிட்டான். டிவி ரிமோட் அவன் வயிற்றின் மேல். வீட்டுக்காரர் தரையில். முகத்துக்கு நேரே 'போடா' என்றால் மாமனார் வீட்டோடு சண்டை வரும். அதனால்தான் இந்த உத்தி. மனைவி ரீனா மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசைக்காரி. புருஷன் பரட்டைத் தலையோடு பூசைக்கு வந்தால் எத்தனை ஞாயிறு தாங்குவாள்? தானே தம்பியை ரயிலேற்றிவிடுவாள்.

ரீனா அரிசி களைந்தபடியே, "சரிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதிர்ப்பேச்சு பேசாமல் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

முடி வளர்ந்தது. காதை மூடியது, கழுத்தை மூடியது, தோளைத் தாண்டியது. சாஜன் மட்டும் அசையவில்லை. தாணே ஆபீஸில் மானேஜர் அஷ்வத் கூப்பிட்டு, "சார், ஒண்ணு வெட்டிக்கிட்டு வாங்க, இல்ல கட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். ஆக, நரைக்கத் தொடங்கிய வயதில் ஞானசேகரன் கொண்டை போடப் பழக வேண்டியதாயிற்று.

"இறுக்கி ஒரு குதிரைவால் போடுங்க" என்று கண்ணாடி முன்னால் ரீனா பாடம் எடுத்தாள். "இப்ப முறுக்குங்க. சுத்துங்க. எங்க போறீங்க? முறுக்குன பக்கமே சுத்துங்க!"

"கை கடுக்குதுட்டி."

"நான் சின்ன வயசுலேர்ந்து சுத்துதேன், எனக்கென்ன இரும்புக் கையா? வாலை அடியில சொருகுங்க. இப்ப ஊசி."

குத்தினார். "ஐயோ!"

"மண்டையிலயா குத்துவாங்க? கொண்டை ஓரத்துல கொஞ்சம் முடி, அடித்தலையில கொஞ்சம் முடி, ரெண்டையும் சேத்துப் பிடிச்சி, ஊசியைத் திருப்பி உள்ள தள்ளணும்."

"அத்தான், இடது பக்கம் தொங்குது" என்றது சோபா.

கடவுள் பிடரியில் ஒரு கண்ணாவது வைத்திருக்கலாமே என்று ஞானசேகரன் நொந்துகொண்டார்.

வீட்டில் நின்ற கொண்டை ரயிலில் நிற்கவில்லை. சயானில் ஏறினால் குர்லாவில் சாயும். காட்கோபரில் ஊசிகள் ஒவ்வொன்றாக உதிரும். ஒருநாள் யாரோ ஒருவருடைய பை ஜிப்பில் கொண்டை மாட்டிக்கொண்டது. பைக்காரர் முலுண்டில் இறங்கினார். தாணே போக வேண்டிய இவரும் இறங்கினார். ஜிப்பிலிருந்து தலையைப் பிடுங்கிக்கொண்டு பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தபோது அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. சொந்த வீட்டு சோபா தனக்கில்லை. சொந்தத் தலையும் சொன்னபடி கேட்பதில்லை. சபதமாவது மண்ணாவது என்று சாயங்காலம் நேரே சாய்நாத் சலூனுக்குள் நுழைந்தார்.

சாய்நாத் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். "நை அங்கிள். இது மன்னத் முடி. நான் தொட்டா பாவம்."

"என்ன மன்னத்?"

வாசலில் மீன் வாங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஏஞ்சலம்மாள் எட்டிப் பார்த்தாள். "மச்சினனுக்கு வேலை கெடைக்கணும்னு வேளாங்கண்ணி மாதாவுக்கு முடி நேந்திருக்கீருல்லா! ரீனா அன்னைக்கே எல்லார்ட்டயும் சொல்லிட்டாளே. எந்த அத்தான் இப்படிச் செய்வான்? போன ஞாயித்துக்கிழம சாமியாரே பிரசங்கத்துல உம்ம பேரைச் சொன்னாரு. நீரு கொண்டை கட்டிட்டு வரதுக்குள்ள பிரசங்கம் முடிஞ்சிட்டு."

இல்லை என்று சொல்ல ஞானசேகரன் வாயைத் திறந்தார். மீன்காரி உட்பட அத்தனை பேரும் அவரைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சினனைத் துரத்த வளர்த்த முடி என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? கொண்டையை இறுக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

கொஞ்ச நாளில் மாதா கண் திறந்தாள். சாஜனுக்கு வேலை கிடைத்துவிட்டது! ஞானசேகரன் ஜிலேபிப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் பாய்ந்தார்.

"வேளாங்கண்ணிக்கு டிக்கெட் போடுட்டி! மொட்டை போட்டுருவோம்! சாஜன் எப்ப பெட்டி கட்டுதான்?"

"பெட்டியா? ஆபீஸ் வடாலாவுலல்லா. இங்கேர்ந்து ஒரே பஸ்ஸு. அவன் எதுக்குப் போணும்?"

ஞானசேகரன் தரையில் உட்கார்ந்தார். வழக்கமான இடம்தான்.

"அவன் கெடக்கட்டும். என் முடி? வேலைதான் கெடச்சிட்டே, நேர்ச்சை தீந்துட்டுல்லா?"

"அது தீந்துட்டுங்க" என்றாள் ரீனா. "உங்களுக்கு அவ்வளவு ராசியான தலை. அதான் காலையிலயே கோயிலுக்குப் போயி, அவனுக்கு நல்ல பொண்ணு அமையுத வரைக்கும் வெட்ட மாட்டீங்கன்னு உங்க பேர்ல அடுத்ததையும் நேந்துட்டேன். ஏஞ்சலம்மாக்காவும் கூட வந்தாங்க."

சொல்லிவிட்டு ஒரு புதுப் பாக்கெட்டை அவர் கையில் வைத்தாள். உள்ளே விரல் நீளத்துக்குக் கொண்டை ஊசிகள். "முடி இடுப்புக்கு வந்தா அந்தச் சின்ன ஊசி தாங்காது."

ரிமோட் ஒரு சேனல் மாற்றியது.

"அவசரமே இல்ல அத்தான்" என்றது சோபா. "பொண்ணை மெதுவாவே பாப்போம்."