மூட்டுவலி வகுப்பில் மாமாவின் ரெக்கார்டு

பேரன்பும் அதைவிடப் பெரிய குரலும் படைத்த மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிவோடு (நம்புங்கள்) எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீங்கள் என் கட்டிலுக்கடியில் விட்டுப்போன பெட்டியும் நலம். அதற்குள் இருந்த ரெக்கார்டைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும், முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய சிநேகிதர்கள் கூடுகிறோம், ரெக்கார்டை எடுத்துவை என்று போனில் சொன்னீர்கள். நானும் "சரி மாமா" என்றேன். அந்தச் "சரி" சரியில்லை. "தொடாதே" என்று நீங்கள் எழுதி ஒட்டிய அன்றே தொட்டுவிட்டேன்.

அம்மா மாடி ஹாலில் மூட்டுவலிக்காரர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறாள் அல்லவா, அங்கே பாட்டுப் பொறுப்பு எனக்கு. தினமும் ஒரே புல்லாங்குழல் ரெக்கார்டைக் கேட்டு எனக்கே மூட்டு வலித்ததால், ஒருநாள் அதற்குப் பதில் உங்கள் ரெக்கார்டின் 'டம் டம்' பாட்டைப் போட்டுவிட்டு, எல்லாரும் அலறுவார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். ஒருவரும் அலறவில்லை. நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் ஓட வேண்டிய பாட்டு, பிளேயரின் வேகக் குமிழ் முப்பத்துமூன்றில் இருந்ததால், சாப்பிட்டுவிட்டு மெத்தையில் புரளும் யானை மாதிரி ஓடியது. பதினாறு பேரும் கண்ணை மூடிக் கையைத் தூக்கினார்கள். "இன்னைக்கு மியூசிக் ரொம்ப சாந்தமா இருக்குப்பா, முட்டிக்கு இதமா இருக்கு. இதையே போடு," என்றார் முட்டி வாத்தியார். (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதை ஆரம்பித்தாலும் முட்டியில் முடிப்பார்.) மூன்று வாரம் இதே கதை. என் குறும்பு வாழ்க்கையில் இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததில்லை.

போன திங்கட்கிழமை பொறுக்க முடியாமல் குமிழை நாற்பத்தைந்துக்குத் திருகிவிட்டேன்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவளோ கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுக் குதிக்க ஆரம்பித்தாள், எங்கே கை, எங்கே சுற்று என்று எல்லாம் தெரிந்த மாதிரி. பின்னாலேயே பதினாறு பேரும். கீழே இருக்கிற பல் டாக்டர் சண்டைக்கு வந்தார். "மேல என்னத்தை இடிக்கிறீங்க? பேஷண்ட் வாயைத் திறக்கவே பயப்படுறார்." அம்மா நிற்காமலே, "அந்த ஓரத்துல இடம் இருக்கு, வாங்க டாக்டர்," என்றாள். இப்போது தினமும் வருகிறார். பேஷண்ட்டும் வருகிறார்.

என்ன பாட்டு மாமா இது? என்னைப்போல இரண்டு மடங்கு வயசு, மொத்தமே நாலு வார்த்தை. முடிவெட்டுகிறவர் "எங்க காலத்துப் பாட்டு" என்கிறார், என் வகுப்புப் பசங்க "எங்க பாட்டு" என்கிறார்கள், ராட்டினக்காரர் போட்டால் கைக்குழந்தைகூடத் தலையாட்டுகிறது.

போனில் போட்டு ஆடச் சொல்வீர்கள். ஆடிப் பார்த்தோம். உங்கள் ரெக்கார்டில் நடுவே ஒரு கீறல். ஊசி மூன்று தடவை தாவிவிட்டுத்தான் நகரும். அந்த மூன்று தாவலுக்கு மூன்று முட்டித் தூக்கல் என்று இவர்கள் பழகிவிட்டார்கள். போனில் கீறல் இல்லை. பாதிப்பேர் தூக்க, பாதிப்பேர் திரும்ப, டாக்டர் வாத்தியார்மேல் விழுந்தார்.

இதில் சிக்கல், ஞாயிற்றுக்கிழமைதான் இவர்கள் வீட்டார் வகுப்பைப் பார்க்க வருகிறார்கள். வாத்தியாரின் மகன், இந்த வயசில் மாடியேறக் கூடாது என்று அவரை நிறுத்தப் பார்க்கிறார். "அவன் ஒரு தடவை கண்ணால பார்க்கட்டும்டா. அன்னைக்குத் தடுமாறினேன்னா, அப்புறம் எனக்கு ஜன்னலோர நாற்காலிதான்," என்றார் வாத்தியார். முதல்முறையாக முட்டியில் முடிக்கவில்லை.

ஆகவே இந்த ஒரு ஞாயிறு மட்டும் ரெக்கார்டை எங்களுக்கு விட்டுத்தர வேண்டுகிறேன். அம்மாவிடம் மூச்சு விட வேண்டாம். பழைய சாமான் கடையில் வாங்கியதாகச் சொல்லியிருக்கிறேன்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் பாதங்களுக்கு வணக்கம், அவை தரையில் நிற்கிற நேரமாகப் பார்த்து.

இப்படிக்கு,
தொட்டுவிட்ட மருமகன்

பின்குறிப்பு: தபால்தலை தேடப்போன நேரத்தில் அம்மா இதைப் படித்துவிட்டாள். திட்டவில்லை. நான் ஒருநாளும் திருப்பிப் போடாத ரெக்கார்டைத் திருப்பி, மறுபக்க லேபிளைக் காட்டினாள். பேனாவில், பொடி எழுத்தில், அம்மாவின் பெயர். அதற்குக் கீழே: "தம்பிக்கு இரவல் கிடையாது." கீறலும் உங்கள் கைவண்ணமாம். எனவே மேலே கெஞ்சியதெல்லாம் வாபஸ். ஞாயிறு காலை ஒன்பதரைக்குச் சிநேகிதர்களோடு வந்துவிடுங்கள். வாத்தியாருக்குப் பின்னால் இடம் இருக்கிறது. மூன்றாவது தூக்கலில் மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.