அப்பாவின் ஈரலும் அம்மா வைத்த நேர்த்தியும்

அநியாயம் செய்யப்பட்டவர் என் அம்மா சாரதாதேவி. செய்தவர் என் அப்பா தவரத்தினம், நூற்று முப்பத்தொரு கிலோ. இடம் ஆஸ்பத்திரி. கொழுப்பேறிய ஈரல் இறுகத் தொடங்கிவிட்டது, இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கினால் எடை இறங்கும், ஈரலும் தேறும், ஆனால் ஆறு மாதம் சாப்பாட்டைத் திருத்திக் காட்டினால்தான் கத்தியை எடுப்போம் என்றார் டொக்டர் ஆன்-சோஃபி. அப்பா யோசிக்கவேயில்லை. எல்லாம் மனிசியின் சமையலால் வந்த வினை என்றார். அதைப் பிரெஞ்சில் சொல்ல வைக்கப்பட்டவள் நான். சட்டம் படிக்கிறவள். பொய்ச் சாட்சிக்கு வாயை வாடகைக்கு விட்டதுபோல் இருந்தது.

உண்மை என்ன? அம்மா வைப்பது கீரையும் பருப்பும். அப்பாவின் ஈரலை வளர்த்தது தமிழ்க் கடைத்தெருவான லா சப்பல். வேலை முடிந்து மெத்ரோ ரயிலுக்கு நடக்கும் வழியில் நாலு கடை. கடைக்கு இரண்டு, எண்ணெயில் பொரித்த ஆட்டிறைச்சி ரோல்ஸ். வீட்டுக்கு வந்து, பசியில்லை, கொஞ்சமாய்ப் போடும் என்று தியாகம் வேறு. மூன்று மாதமாகியும் எடை அசையவில்லை. இப்படியே போனால் ஒப்பரேஷன் இல்லை என்று கடிதம் வந்தது.

நான் ஆய்வுக் கட்டுரைகளோடு வாதாடினேன். அம்மா வாதாடவில்லை. வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில், அர்ச்சனை வரிசையில் நின்ற இரண்டு பெண்களிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: இவர் கடைச் சாப்பாடு தொடுவதில்லை என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறார், வெளியே சொல்லிவிடாதீர்கள்.

லா சப்பலில் இதைவிட வேகமான தபால் கிடையாது.

மறுநாள் அப்பாவின் பின்னால் நானும் போனேன். மகேந்திரராசாவின் கடையில் அப்பா ரோல்ஸைக் காட்டினார். அவர் இடுக்கியை வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"அண்ணை, என்ரை கையாலை உங்கடை நேர்த்தி முறியக்கூடாது."

"என்ன நேர்த்தி?"

"ஓம் அண்ணை. வெளியிலை சொல்லக்கூடாதுதான்."

மற்ற மூன்று கடைகளிலும் அதே மரியாதை. கடைசிக் கடையில் ஒரு பெண் தன் குழந்தையை நீட்டி ஆசீர்வாதம் கேட்டாள். நேர்த்தியை மறுத்தால் பிள்ளையாரோடு பகை, மறுக்காவிட்டால் பட்டினி. அப்பா குழந்தையின் தலையில் கைவைத்தார்.

சாமி பேரில் பொய் சொல்லலாமா என்று அம்மாவிடம் எகிறினேன். "வழக்குப் போடு, பிள்ளை" என்றபடி அவர் வெங்காயம் அரிந்தார்.

அடுத்த மூன்று மாதத்தில் பதினொரு கிலோ குறைந்தது. வெட்டினார்கள். அப்பாவின் இரைப்பை வாழைப்பழ அளவானது. ஒரு வருடம் கழித்து அதே டொக்டர், ஈரலின் இறுக்கத்தை அளக்கும் கருவியை அப்பாவின் விலாவில் வைத்துத் திரையைக் காட்டினார். எண் பாதியாகியிருந்தது. கத்தி பட்டது இரைப்பையில். ஈரலோ, யாரும் தொடாமலே, உள்ளே இருட்டில் கிடந்தபடி தன்னைத்தானே இளக்கிக்கொண்டிருக்கிறது. அப்பா சட்டையைப் போட மறந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இஞ்சாரும், அந்த நேர்த்தி எவ்வளவு காலத்துக்கு எண்டு சொன்னனீர்? அரை ரோல்ஸ் எண்டாலும்..."

அம்மா கைப்பையை மூடினார்.

"உங்கடை ஆயுசு முடியுமட்டும் எண்டு சொன்னனான். இப்ப அது கூடியிருக்காம்."