சுவரை வென்ற ஆய்வகம்

ஒற்றுமைக்காக உலகில் யார் யாரோ பாடுபட்டிருக்கலாம். ஆனால் அதை நுண்ணோக்கியில் கண்ணாரக் கண்டவர் எங்கள் இயக்குநர் ஒருவர்தான். இந்தக் கிருமி ஆய்வகத்தின் நிர்வாக அலுவலன் என்ற முறையில் பக்கத்திலேயே நிற்கும் பேறு எனக்கும் வாய்த்தது.

எங்கள் ஆய்வாளரம்மா ஒரு மருந்துக்காக வருடக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வைரஸின் மேலுறையில் ஒரு புரதம் உண்டு. வைரஸ் புகுந்த செல்லின் மேலும் அது முளைத்துவிடும். பக்கத்து செல்லைப் பிடித்திழுத்து, இரண்டின் சவ்வையும் ஒன்றாக்கிவிடும். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. இதைத் தடுப்பதற்குத்தான் மருந்து. அது பலித்த அன்று, அம்மா ஆசையாக இயக்குநரை அழைத்து, வைரஸ் விட்ட செல்கள் இருந்த இரண்டு கண்ணாடித் தட்டுகளை நுண்ணோக்கியில் காட்டினார்.

"அடேங்கப்பா! எவ்ளோ பெரிய செல்! உள்ளே ஒரு டஜன் உட்கரு இருக்கே!" என்றார் இயக்குநர்.

"அது மருந்து போடாத தட்டு சார். எல்லா செல்லும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு."

"சண்டையே இல்லாமயா?"

"சவ்வே போச்சு, அப்புறம் என்ன சண்டை? நாளைக்கு மொத்தமா செத்துடும்."

"அது நாளைக்குப் பாத்துக்கலாம். இந்தத் தட்டு?"

"மருந்து போட்டது சார். எல்லாம் தனித்தனியா, உயிரோட இருக்கு."

இயக்குநரின் முகம் சுண்டிப்போனது. "இத்தனை வருஷம் செலவு பண்ணி, ஒண்ணோட ஒண்ணு சேராம பண்ணியிருக்கீங்க. ஏம்மா, இதுக்குப் பேரு மருந்தா?"

மறுநாள் கூட்டத்தில், 'ஒற்றுமைக்கு ஊறு விளைவிக்கும்' அந்த ஆய்வு 'தற்காலிகமாக' நிறுத்தப்பட்டது. துறைகளுக்கு நடுவிலிருந்த சுவர்களை இடிக்கவும் தீர்மானமானது. "ஒரு செல்லால முடியுது, நம்மால முடியாதா?" என்றார் இயக்குநர். எல்லோரும் மேசையைத் தட்டினோம்.

இடித்தோம். ஒரே கூடம், ஆறு துறைத் தலைவர்கள். ஒருவர் ஏசியைக் கூட்டச் சொன்னார், இன்னொருவர் குறைக்கச் சொன்னார். மெக்கானிக் நடுவில் நின்று அழுதார். எலிக்கூண்டுகள் என் கணக்குப் பிரிவோடு ஒன்றுகலந்ததில், இரண்டு எலிகளுக்குப் பதவி உயர்வு ஆணை போய்விட்டது. சுண்ணாம்புத் தூசி படிந்து, அம்மா மறைத்து வைத்துக் காப்பாற்றிய தட்டுகளில் பூஞ்சை பிடித்தது.

"சார், எல்லாமே போச்சு. இன்னொரு தடவை ஆரம்பிக்க அனுமதி வாங்கிக் குடுங்க" என்று அம்மா கண் கலங்க என்னிடம் வந்து நின்றார். நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.

"துறைத் தலைவர் மூலமா வரணுமேம்மா."

"எந்தத் தலைவர் சார்? இப்பதான் துறையே இல்லையே?"

"அப்ப அனுமதியும் இல்லம்மா" என்று விதிப்படி ஆறுதல் சொன்னேன்.

ஒரு வேலையும் நடக்காததால் மேலிடம் ஆய்வகத்தை மூடியது. பெட்டி கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், "ஒட்டின செல் செத்ததும் வைரஸும் செத்துடுமா?" என்று கேட்டேன்.

"அது ஏன் சார் சாகுது? அதுக்குள்ள பக்கத்துக்குப் போயிருக்கும்."

உண்மைதான். இயக்குநர் பதவி உயர்வில் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். தொற்றுநோய் வார்டுக்கும் பிரசவ வார்டுக்கும் நடுவே அங்கே இன்னும் ஒரு சுவர் இருக்கிறதாம். இடிக்கத் தேதி குறித்தாயிற்று. அந்தத் தாய்மார்களுக்குக் கொடுக்க ஒரு மருந்து இருந்திருக்கும். அதைக் கொன்றவர்கள் நாங்கள், மேசையைத் தட்டி.