புதன்கிழமைக்கு இரண்டு வாசல்

அயலகக் கல்விப் பிரிவின் பொறுப்பாளருக்குப் பெற்றோர் சூட்டிய பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே வழங்கிவந்தது. மற்றபடி கல்லூரி முழுவதற்கும் அவர் ரெட்டை சார். சட்டைப்பையில் இரண்டு பேனா, கைப்பையில் இரண்டு மூக்குக்கண்ணாடி, மேசையடியில் இரண்டு குடை, தலைமாட்டில் இரண்டு கடிகாரம் என எதற்கும் ஒரு மாற்று வைத்துக்கொள்வது அவர் வழக்கம். முதல் கடிகாரம் ஐந்து மணிக்கு அடிக்கும். அது அடித்ததா என்று விசாரிப்பதற்காக இரண்டாவது ஐந்தேகாலுக்கு அடிக்கும்.

இந்த வழக்கமே அவரைச் சிக்கலில் மாட்டிவிட்டது.

ஆண்டுக்கு ஒருமுறை, வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றின் கல்வி அதிகாரி கல்லூரிக்கு வந்து, அயலுறவுப் பணியில் சேர்வது எப்படி, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு சென்று படிப்பது எப்படி என்று உரையாற்றுவது உண்டு. இவ்வாண்டு ரெட்டை சார் ஒரு தூதரகத்துக்கு அழைப்பு அனுப்பினார். மூன்று வாரம் பதில் இல்லை. ஆகவே மாற்று ஏற்பாடாக மற்றொரு தூதரகத்துக்கும் அனுப்பிவைத்தார்.

இரண்டு பதில்களும் ஒரே நாள் காலைத் தபாலில் வந்தன. இரண்டிலும் ஒரே வாசகம்: புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி, மகிழ்ச்சியுடன் வருகிறேன்.

வேறு எந்த இரண்டு நாடுகளாயினும் பாதகமில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே கடலில் ஒரு பாறை இருந்தது. நாளுக்கு இருமுறை நீரில் மூழ்கிப்போகும் அந்தப் பாறை யாருடையது என்று முப்பது ஆண்டுகளாக வழக்கு. பாறைக்கு மேற்கே உள்ள நாட்டாரும் கிழக்கே உள்ள நாட்டாரும் ஒரே கூரையின்கீழ் நிற்பதில்லை, கைகுலுக்குவதில்லை, இருவரையும் ஒருசேர அழைத்தவரை இருவருமே மன்னிப்பதில்லை.

மேற்கு நாடு கல்லூரிக்கு ஆண்டுதோறும் ஐந்து பரிமாற்ற இடங்கள் தந்தது. கிழக்கு நாடும் ஐந்து. அந்தப் பத்தும் போனால் அயலகக் கல்விப் பிரிவுக்கு வேலை இல்லை. ஆறு ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியில் இருக்கும் ரெட்டை சாரை நிரந்தரமாக்கும் கோப்போ, அப்போதுதான் முதல்வரின் மேசையை எட்டியிருந்தது.

“யாராவது ஒருத்தரை வேற நாளைக்கு மாத்திடுங்க சார்,” என்றார் பிரிவின் எழுத்தரம்மா. அவர் ரெட்டை சாரைவிட நான்கு வயது மூத்தவர், எதற்கும் பதறாதவர்.

ரெட்டை சார் கிழக்குத் தூதரகத்துக்குத் தொலைபேசினார். கல்வி அதிகாரி நம் மொழியைச் சரளமாகவே பேசினார்.

“புதனை விட்டா எனக்கு முடியாது தலைவரே. அன்னைக்குத்தான் வண்டி கிடைக்கும்.”

மேற்குத் தூதரகத்தின் கல்வி அதிகாரி ஓர் அம்மையார். அவரும் நன்றாகப் பேசினார்.

“புதன்தான் எனக்கு வண்டி, தலைவரே. அது கிடக்கட்டும், நீங்க நல்லா இருக்கீங்களா?”

தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் பாடநூலில் ‘தலைவரே’ என்ற சொல் எந்தப் பாடத்தில் வருகிறது என்று ரெட்டை சார் ஒருகணம் வியந்தார். வியப்பதற்கும் அப்போது நேரமில்லை.

அன்று மாலை வீட்டில் மனைவியிடம் முறையிட்டார்.

“எதுக்கு ரெண்டு பேரைக் கூப்பிட்டீங்க?”

“ஒருத்தர் வரலைன்னா இன்னொருத்தர் இருக்கட்டுமேன்னுதான்.”

“நல்லவேளை, கல்யாணத்துக்கு மட்டும் ஒருத்தியோட நிறுத்தினீங்க.”

“அப்ப எனக்கு அனுபவம் பத்தாது.”

அதன்பின் அவர் தமக்கு வேண்டிய சாப்பாட்டைத் தாமே பரிமாறிக்கொள்ள நேர்ந்தது.

புதன்கிழமைக்குள் ஒரு திட்டம் உருவாயிற்று. மேற்கு அம்மையார் முன்வாசல் வழியாக வந்து கீழே அரங்கில் பேசுவார். கிழக்கு அதிகாரி பின்வாசல் வழியாக வந்து மாடியில் நூலகத்தில் பேசுவார். மாணவர்கள் பாதிப் பாதி. இருவரும் நான்கு மணிக்கு முடித்து, வந்த வாசல் வழியாகவே திரும்புவர். இரண்டு பூங்கொத்து, இரண்டு ஒலிபெருக்கி, இரண்டு தட்டுத் தேநீர். ரெட்டை சாருடைய வாழ்க்கைமுறை முதன்முறையாகப் பொதுப்பயன்பாட்டுக்கு வந்தது.

“சார், முன்னாடி ரோட்டுல பள்ளம் தோண்டியிருக்காங்க. நீங்க பின்வாசலுக்கு வந்துடுங்க,” என்று கிழக்குக்குச் சொன்னார்.

“அதுக்கென்ன தலைவரே, சுத்தி வந்துட்டாப் போச்சு.”

எல்லாவற்றுக்கும் மாற்று இருந்தது. முதல்வருக்கு மட்டும் இல்லை. வரவேற்புரை ஆற்ற இருந்தவர் அவர் ஒருவரே. இரண்டு விருந்தினர் வருவதை அவரிடம் சொல்லும் துணிவும் ரெட்டை சாருக்கு இல்லை.

புதன்கிழமை ஒன்று ஐம்பதுக்கு ஒரு வாடகைக் கார் முன்வாசலில் நின்றது. கொடி இல்லை, சின்னம் இல்லை. அம்மையார் எளிமையானவர் என்று மனத்தில் மெச்சியபடி, ரெட்டை சார் அவரை அரங்கில் அமர்த்திவிட்டு, நீண்ட தாழ்வாரத்தில் ஓடிப் பின்வாசலை அடைந்தார். கிழக்கு அதிகாரி ஏற்கெனவே இறங்கி, கையில் குடையுடன் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன தலைவரே, இப்படி மூச்சு வாங்குது? உக்காருங்க, உக்காருங்க.”

கீழே முதல்வர் வரவேற்புரையை முடித்தார். ரெட்டை சார் அவர் காதில், “மாடியிலயும் கொஞ்சம் பசங்க இருக்காங்க சார், ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடலாம்,” என்று கூறி மேலே அழைத்துச் சென்றார். நூலகத்தில் புதிதாய் ஒருவர் பூங்கொத்துடன் அமர்ந்திருப்பதை முதல்வர் கண்டார்.

“இது யாரு?”

“விருந்தினர், சார்.”

“அப்ப கீழே இருக்கறது?”

“அவங்களும் விருந்தினர்தான்.”

“எந்த நாடு?”

ரெட்டை சார் சொன்னார். முதல்வர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“பாறைக்காரங்களா? ரெண்டு பேரையுமா? இவங்க ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தாங்கன்னு வைங்க, நாளைக்கு நீங்க வர வேண்டாம். உங்களுக்குப் பதிலா மாத்தும் வேண்டாம். பிரிவையே மூடிடலாம்.”

எனினும் முதல்வர் அனுபவசாலி. உள்ளே சென்று, முகத்தில் மலர்ச்சியை வரவழைத்து, கீழே பேசியதையே மேலேயும் பேசினார். நாட்டின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்.

சொற்பொழிவுகள் நன்றாகவே நடந்தன. ரெட்டை சார் கால்மணிக்கு ஒருமுறை படியேறி இறங்கி இரண்டையும் பாதிப் பாதியாகக் கேட்டார். கீழே ஒரு மாணவி எழுந்து, “தூதரக வேலைக்கு முக்கியமா என்ன வேணும் மேடம்?” என்று வினவினாள்.

“பாத்ததைப் பாக்காத மாதிரி இருக்கத் தெரியணும்,” என்றார் அம்மையார். “மத்ததெல்லாம் பயிற்சியில சொல்லிக் கொடுத்துடுவாங்க.”

மேலே சென்றபோது கிழக்கு அதிகாரியும் கிட்டத்தட்ட அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இதுதான் சர்வதேச ஒருமைப்பாடு போலும் என்று எண்ணினார் ரெட்டை சார்.

அந்த வேளையில் கீழே பலத்த கைதட்டல் எழுந்தது. கிழக்கு அதிகாரி பேச்சை நிறுத்தி அவரைப் பார்த்தார்.

“கீழே என்ன நடக்குது தலைவரே?”

“பரீட்சை, சார்.”

“பரீட்சையில கை தட்டுவாங்களா?”

“ரொம்ப நல்லா எழுதினா தட்டறது உண்டு.”

“அது கிடக்கட்டும். எத்தனை மணிக்கு முடியும்?”

இவருக்கு ஏதோ சந்தேகம் வந்துவிட்டது என்று ரெட்டை சார் நினைத்தார். கீழே ஓடினார். அங்கே அம்மையார் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேலே நாற்காலி இழுக்கிற சத்தம் கேக்குதே?”

“தச்சு வேலை, மேடம்.”

“எப்ப முடியும்?”

இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டது நல்லதற்கில்லை. ஒருவரையாவது உடனே வெளியேற்றிவிட வேண்டும் என்று முடிவுசெய்து, கீழே நிகழ்ச்சியை மூன்றரைக்கே முடித்து, கல்லூரி வேனை முன்வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“மேடம், வண்டி ரெடி. உங்க ஆபீஸ் வாசல்லயே இறக்கிவிடச் சொல்றேன்.”

“வேண்டாம். நாலு மணிவரைக்கும் இப்படியே உக்காந்திருக்கேன்.”

“வெயில் ஏறிடும் மேடம்.”

“சாயந்தரத்துல எங்க தலைவரே வெயில் ஏறும்?”

அம்மையார் இரண்டாவது கோப்பைத் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டார். கெஞ்சினால் சந்தேகம் வலுக்கும் என்று ரெட்டை சார் வாயை மூடிக்கொண்டார்.

மணி நான்கு அடித்தது. அம்மையார் சட்டென்று எழுந்தார்.

“நான் பின்வாசல் வழியாப் போறேன்.”

“ஐயோ மேடம், அங்கே பள்ளம் தோண்டியிருக்காங்க!”

“பள்ளமா? முன்னாடின்னுல்ல கேள்விப்பட்டேன்,” என்று தொடங்கியவர், நாக்கைக் கடித்துக்கொண்டு, “பரவாயில்லை, தாண்டிக்கறேன்,” என்று விடுவிடுவென நடக்கலானார்.

முன்வாசல் பள்ளத்தைப் பற்றி இவரிடம் யார் சொல்லியிருக்கக்கூடும் என்று யோசிக்கக்கூட ரெட்டை சாருக்கு வாய்ப்பில்லை. அம்மையாருக்கு முன்னே ஓடி அவரைத் திருப்புவதா, மாடிக்கு ஓடி மற்றவரைப் பிடித்து நிறுத்துவதா? வாழ்நாளில் முதன்முறையாக அவருக்கு ஒரே ஓர் உடல்தான் இருந்தது.

தாழ்வாரத்தின் கோடியில், மாடிப்படி வந்து இறங்கும் இடத்தில், மேற்கும் கிழக்கும் நேருக்கு நேர் நின்றன. இடையே மூன்றடி தூரம்.

கிழக்கு அதிகாரி உடனே பக்கவாட்டில் திரும்பி, தீயணைக்கும் மணல் வாளியை ஆராயத் தொடங்கினார். அம்மையார் சுவரை நோக்கி நின்று, அங்கே மாட்டியிருந்த முன்னாள் முதல்வர்களின் பெயர்ப்பலகையை முதல் வரியிலிருந்து படிக்கலானார். ஒரு நிமிடம் கழிந்தது. பன்னிரண்டாம் முதல்வரோடு படிப்பை முடித்துக்கொண்டு அம்மையார் பின்வாசல் வழியே வெளியேறினார். அவர் தலை மறைந்தபின், மணலில் குறைகாண ஏதுமில்லை என்று தெளிந்தவர்போல் கிழக்கு அதிகாரியும் வெளியேறினார். இருவரும் ரெட்டை சாரிடம் விடைபெறக்கூட இல்லை.

ரெட்டை சார் தம் அறைக்குத் திரும்பினார். ஒரு தாளை எடுத்துத் தம் பதவிவிலகல் கடிதத்தை எழுதினார். பிறகு, கைப்பழக்கத்தினால், இன்னொரு படியும் எழுதினார்.

“என்ன சார் எழுதறீங்க?” என்றார் எழுத்தரம்மா.

“அவங்க ஊருக்குக் கடிதம் போறதுக்கு முந்தி, என் கடிதம் முதல்வர்கிட்டப் போயிடணும்மா. பத்து இடமும் போச்சு. என்னால படிக்கப் போக முடியாம நிக்கப் போற பசங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

அப்போது கதவருகே ஒருவர் வந்து நின்றார். காக்கிச் சட்டை, விரலில் கார்ச் சாவி.

“தலைவரே, மாடியில ஒரு கறுப்புக் குடை இருக்கா? கிழக்கு சார் விட்டுட்டு வந்துட்டாரு. மறதிக்கார மனுஷன். மேடம் அவரைத் திட்டிக்கிட்டே வண்டியில உக்காந்திருக்காங்க.”

“எந்த மேடம்?”

“நம்ம மேற்கு மேடம்தான்.”

ரெட்டை சார் பேனாவைக் கீழே வைத்தார்.

“ரெண்டு பேரும் ஒரே வண்டியிலயா வந்தாங்க?”

“புதன்கிழமை எப்பவும் ஒண்ணாத்தான் வருவாங்க. ஒரே கட்டடத்துல வீடு மேல, கீழ. ஆபீஸ் வண்டியில ஏறினா கொடி தகராறு வரும்னு என் வண்டி. நம்ம பேச்சைக் கத்துக் கொடுத்ததும் நான்தான். உங்க லெட்டர் ரெண்டு பேருக்கும் வந்ததுமே, சரி, ஒரே நாளாப் பாத்து ஒத்துக்குவோம்னு வண்டியிலதான் பேசிக்கிட்டாங்க.” ஓட்டுநர் சற்று முன்னே குனிந்து குரலைத் தாழ்த்தினார். “ஆனா பாவம், மத்தியானத்துலேருந்து ரெண்டு பேருக்கும் உங்களைக் கண்டாத்தான் ஒரே பயம். மேலயும் கீழயும் ஓடி ஓடி வேவு பாக்கறீங்களாம். அவங்க ஊருக்கு எழுதிப் போட்டுடுவீங்களோன்னு கேட்டு வரச் சொன்னாங்க. எழுதிடாதீங்க தலைவரே. ரெண்டு பேர் வேலையும் போயிடும்.”

ரெட்டை சார் தாமே மாடியேறிக் குடையை எடுத்துவந்து ஓட்டுநரிடம் கொடுத்தார்.

“நான் ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லுங்க.”

ஓட்டுநர் போன மறுகணம் மேசைமேலிருந்த தொலைபேசி ஒலித்தது. முதல்வர்.

“என்ன ஆச்சு? ரெண்டு பேரும் பாத்துக்கிட்டாங்களா?”

“இல்ல சார். ஒருத்தர் சுவரைப் பாத்தாங்க, ஒருத்தர் வாளியைப் பாத்தாரு.”

“அப்ப சரி. நாளைக்கு வாங்க. கோப்புல கையெழுத்துப் போட்டு வைக்கறேன்.”

ரெட்டை சார் இரண்டு கடிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே கிழியாகக் கிழித்தார். எழுத்தரம்மா அழைப்பிதழ்க் கட்டைப் பேழையில் அடுக்கிக்கொண்டே கேட்டார்:

“அடுத்த வருஷமும் ரெண்டு அனுப்பணுமா சார்?”

“ஒண்ணு போதும்மா,” என்றார் ரெட்டை சார். “ரெண்டு பேருக்கும் போய்ச் சேந்துடும்.”