ஐந்து ஒற்றைச் சாளரங்களும் ஒரு கோப்பைக் காப்பியும்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த வித்தைகளிலேயே உன்னதமானது, ஒரு நாட்டு உயர் அதிகாரி இன்னொரு நாட்டு உயர் அதிகாரியிடம் பாடம் கற்றுக்கொள்வதுதான். சக்கரமெல்லாம் அதற்கு அப்புறம். சக்கரத்தால் ஊர் போகலாம், அவ்வளவுதான். இந்த வித்தையால் அரசாங்கச் செலவில் ஊர் போகலாம்.

அம்மான் நகரில் கடை உரிமம் வழங்கும் தலைமை இயக்ககத்தின் இயக்குநர் ராதிப் பேக் இந்த வித்தையில் கரை கண்டவர். முதலில் துனீஸ் போனார். எல்லா வேலையும் ஒரே ஜன்னலில் முடிகிற 'ஒற்றைச் சாளர முறை' அங்கே இருந்தது. மெய்சிலிர்த்துத் திரும்பி வந்து தம் அலுவலகத்திலும் ஒன்று திறந்தார். பிறகு ரபாத் போனார். அங்கே இன்னும் மேம்பட்ட ஒற்றைச் சாளரம் ஒன்று இருக்கவே, வந்து அதையும் திறந்தார். அடுத்தது மஸ்கட். அதற்கும் அடுத்தது ஹெல்சிங்கி. அங்கே குளிர் அதிகம், வெளியே சுற்ற முடியாது, ஆகவே கற்றதும் அதிகம். இப்படியாக ஒற்றைச் சாளரங்கள் நான்காயின. அந்த நான்கையும் 'ஒருங்கிணைக்க' ஐந்தாவதாக ஒரு ஒற்றைச் சாளரம், ராதிப் பேக்கின் சொந்த மூளையில் உதித்தது.

இவற்றில் எதையும் மூட முடியாது. ஒவ்வொன்றின் மேலும் திறந்துவைத்த அமைச்சரின் பெயர் பளிங்கில் பொறித்திருக்கிறது. ஜன்னலை மூடினால் அமைச்சரையே மூடியதுபோல் ஆகிவிடும்.

இந்த ஐந்து ஜன்னல்களுக்கு நடுவே எட்டு மாதமாக ஒரு விண்ணப்பம் பந்தாடப்பட்டுக்கொண்டிருந்தது. விண்ணப்பதாரர் பெயர் மைசூன். தகப்பனார் பெயர் ராதிப். ஆமாம், அவர் பெற்ற பெண்ணேதான். அம்மானின் லுவைப்தே மேட்டில் சுடச்சுட மனாகீஷ் ரொட்டி போட்டு விற்கும் கடை வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காக வங்கி வேலையை விட்டுவிட்டாள். பெரிய அடுப்பும் வாங்கிவிட்டாள். கடை இடத்தின் சொந்தக்காரர்தான் கெடு வைத்துவிட்டார்: வியாழக்கிழமைக்குள் உரிமம் வராவிட்டால், இடம் செல்போன் உறை விற்கிறவனுக்கு.

புதன்கிழமை சாயங்காலம் அவள் கேட்டாள்.

"பாபா, நாளைக்குத்தான் கடைசி நாள்."

"சிபாரிசு பண்ணச் சொல்றியா?"

"சிபாரிசு யாருக்கு வேணும்? உரிமம் குடுத்தாப் போதும்."

"எல்லாரையும் போலத்தானேம்மா நீயும்? என் பொண்ணுன்னு முன்னாடி தள்ளிவிட்டா ஊர் சிரிக்காதா?"

"முன்னாடி தள்ள வேணாம் பாபா. கொஞ்சம் நகர்த்தினாப் போதும். நாலாவது ஜன்னல்காரர் அஞ்சாவதுக்குப் போங்கறார். அஞ்சாவதுல இருக்கிறவர் முதல் ஜன்னலுக்குப் போங்கறார்."

"அதுக்குப் பேர்தான் ஒருங்கிணைப்பு" என்றார் ராதிப் பேக், பெருமையாக.

அவருடைய நேர்மையை யாரும் குறை சொல்ல முடியாது. 'சிபாரிசு இங்கே செல்லாது' என்று அலுவலக வாசலில் பெரிய பலகையே மாட்டியிருந்தார். அந்தப் பலகையை எழுதும் ஒப்பந்தம் சிபாரிசில் போனது என்பது வேறு விஷயம்.

வியாழக்கிழமை விடிந்தது. 'பொதுச் சவால்களைப் பகிர்ந்துகொள்ளும் உயர் அதிகாரிகள் வட்டம்' அந்த ஆண்டு அம்மானில் கூடியது. துனீஸிலிருந்து மதாம் ஸிஹாம், ரபாத்திலிருந்து ஸீ இத்ரீஸ், மஸ்கட்டிலிருந்து ஷேக் ஹாரிஸ் மூவரும் வந்திருந்தார்கள். அவர்களுக்காக 'நேரடிச் செயல்விளக்கம்' ஒன்றும் ஏற்பாடாகியிருந்தது. ராதிப் பேக்கின் ஓட்டுநர் ஃபவ்வாஸ், 'சாதாரணக் குடிமகன்' என்ற வேடத்தில் வந்து, ஒரு மிட்டாய்க் கடைக்கு உரிமம் கேட்டார். கேட்டு வாய் மூடுவதற்குள் உரிமம் கைக்கு வந்துவிட்டது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். ஃபவ்வாஸும் சேர்ந்து தட்டினார்.

அப்போதுதான் மதாம் ஸிஹாமின் கண், ஐந்தாவது ஜன்னலில் நின்ற ஒரு பெண்மேல் விழுந்தது. ராதிப் பேக்கும் திரும்பிப் பார்த்தார். மைசூன்!

"நீ எத்தனை நாளா அலையறே மகளே?" என்று கேட்டார் மதாம் ஸிஹாம்.

"உண்மையைச் சொல்லவா, இல்ல நிகழ்ச்சி நிரல்ல இருக்கிறதைச் சொல்லவா?"

"உண்மையையே சொல்லு. நாங்க கத்துக்கத்தான் வந்திருக்கோம்."

மைசூன் எட்டு மாதக் கதையையும் கொட்டித் தீர்த்தாள். தகப்பன் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காக ராதிப் பேக் மனசுக்குள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். இனி மானம் கப்பலேறிவிடும் என்று அவர் தலைகுனிந்து நிற்க, நடந்ததோ வேறு. மதாம் ஸிஹாமின் கண்கள் கலங்கிவிட்டன.

"அடடா! அப்படியே எங்க ஊர்! என் வீட்டுக்கே வந்த மாதிரி இருக்கு!"

"அஞ்சுதானா?" என்றார் ஸீ இத்ரீஸ். "எங்ககிட்ட ஏழு இருக்கு. நீங்க ரொம்பப் பின்தங்கிட்டீங்க ராதிப் பேக்."

"ஜன்னலெல்லாம் பழைய காலம்" என்றார் ஷேக் ஹாரிஸ். "நாங்க எல்லாத்தையும் ஒரே செயலியில போட்டுட்டோம். இப்ப ஜனங்க வீட்ல உக்காந்தபடியே அலையறாங்க."

ராதிப் பேக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லோரையும் உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தார். காப்பி ஊற்றும் பணியாள், உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் சின்னக் கோப்பையில் கசப்புக் காப்பி ஊற்றினார். மைசூனுக்கும் ஊற்றினார். அவள் வாங்கினாள். குடிக்கவில்லை. கோப்பையை மேஜைமேல், தகப்பனாருக்கு நேராக வைத்தாள்.

அந்தப் பக்கத்தில் ஒருவர் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால், உன்னிடம் ஒன்று கேட்டு வந்திருக்கிறேன் என்று அர்த்தம். 'குடி, நீ கேட்டு வந்தது கிடைத்துவிட்டது' என்று காப்பி கொடுத்தவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், காப்பி ஆறுவதற்குள் அவர் குலத்தின் பெயர் கெட்டுவிடும்.

"ராதிப் பேக், அந்தப் பொண்ணு கோப்பையை வெச்சுட்டா" என்றார் ஷேக் ஹாரிஸ் மெல்லிய குரலில்.

ராதிப் பேக் மகளைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். வாசல் பலகையையும் ஒரு தரம் நினைத்துக்கொண்டார்.

"குடிம்மா" என்றார். "நீ கேட்டு வந்தது கிடைச்சாச்சு."

மைசூன் ஒரே மடக்கில் குடித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. ராதிப் பேக் விண்ணப்பத்தைத் தம் பக்கம் இழுத்தார். இத்தனை எளிதான காரியத்தை ஏன் இத்தனை நாள் செய்யாமல் இருந்தோம் என்று தம்மையே நொந்துகொண்டு பேனாவை எடுத்தார்.

"பேக், தப்பா நினைக்கக் கூடாது" என்றார் ஐந்தாவது ஜன்னல்காரர். "உங்க கையெழுத்துக்கு இதுல இடமே கிடையாது."

"என்னய்யா உளர்றே? நான் இயக்குநர்!"

"அதனாலதான். இயக்குநர் கையெழுத்து இருந்தா சிபாரிசு வரும்னு, ஹெல்சிங்கி போயிட்டு வந்ததும் நீங்களே எடுத்துட்டீங்களே. ஃபவ்வாஸுக்குக் குடுத்தது விருந்தாளிங்களுக்குக் காட்ட அச்சடிச்ச காகிதம். நிஜமா வேணும்னா முதல் ஜன்னலுக்குப் போங்க."

ராதிப் பேக் முதல் ஜன்னலுக்குப் போனார். அங்கே இரண்டாவதற்குப் போகச் சொன்னார்கள். இரண்டாவதில் நான்காவதற்கு. பின்னால் மகள், அவளுக்குப் பின்னால் மூன்று நாட்டு உயர் அதிகாரிகள், நோட்டில் குறிப்பெடுத்தபடி. தாம் பெற்ற பிள்ளைகளான ஐந்து ஜன்னல்களிடமும் அவர் கெஞ்சினார், கத்தினார், கையைப் பிசைந்தார். அலுவலக நேரம் முடிந்தது. ஐந்து ஜன்னல்களும் வரலாற்றில் முதன்முறையாக ஒருங்கிணைந்து, ஒரே நொடியில் சாத்திக்கொண்டன.

மைசூன் படியிறங்கிப் போனாள்.

உயர் அதிகாரிகள் வட்டத்தின் நிறைவு அமர்வு ஐந்து நட்சத்திர ஓட்டலில், மன்ஸஃப் என்னும் ஆட்டுக்கறிச் சோற்று விருந்தோடு நடந்தது. அம்மான் அனுபவம் கண்ணைத் திறந்துவிட்டதாக எல்லோரும் பேசினார்கள். நெடிய விவாதத்துக்குப் பின் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: 'இனி எந்த உறுப்பு நாட்டிலும், அரசு அலுவலகத்துக்கு வரும் குடிமக்களுக்குக் காப்பி வழங்கலாகாது.' அரிய பாடத்தைக் கற்றுத் தந்ததற்காக ராதிப் பேக்கையே அடுத்த ஆண்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். மாலை போடும் பழக்கம் இல்லாததால் கேடயம் கொடுத்தார்கள்.

கேடயத்தோடு அவர் வீட்டுக்கு வந்தபோது, கடை போய்விட்டிருந்தது. பெரிய அடுப்பு கூடத்தின் நடுவே, வைக்க இடமில்லாமல் நின்றது. அவர் கேடயத்தை ஒளிக்க இடம் தேடி, கடைசியில் அந்த அடுப்புக்குள்ளேயே வைத்தார்.

மைசூன் காப்பி கொண்டுவந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் வாங்கினார். குடிக்கவில்லை. கோப்பையை மெல்ல அவள் முன்னால் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வாழ்நாளில் அவர் யாரிடமும் கோப்பையை இப்படி வைத்ததில்லை.

மைசூன் கோப்பையைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள்.

"குடிங்க பாபா, ஆறிடும்" என்றாள். "உங்க விண்ணப்பம் பரிசீலனைல இருக்கு."