கட்சி சாராத பச்சை

நிறத்தை வெறும் கண்ணால் பார்த்து வந்ததுதான் மனிதகுலம் இதுவரை செய்த பெரும்பிழை. அதைத் திருத்திய பெருமை, குடவாசல் பக்கத்துப் 'பசுங்கதிர்' நெல் விவசாயிகள் சங்கத்தையே சேரும்.

சங்கம் ஒரு செயலி கொண்டுவந்தது. விவசாயி கைப்பேசியில் 'நெல்லை எடை போடுக' என்ற பொத்தானை அழுத்தினால்தான் இனிக் களத்தில் தராசு அசையும். செயலியை எழுதியவன் உள்ளூர்ப் பிள்ளை இளம்பரிதி. எல்லாம் தயார். பொத்தானின் நிறத்துக்கு மட்டும் நிர்வாகக் குழுவின் ஒப்புதல் பாக்கி. பரிதியின் அத்தை அம்சவல்லியின் குறுவை நெல் களத்தில் அம்பாரமாகக் கிடந்தது; வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. அதற்காக அவசரப்பட்டா நிறம் தேர்ந்தெடுப்பது?

"பச்சைன்னு மொட்டையா சொல்லாதீங்க தம்பி. அதுக்கு நம்பர் உண்டாமே?" என்றார் தலைவர் இளையபெருமாள்.

உண்டு என்றான் பரிதி. கணினிக்கு நிறம் என்பது ஆறு இலக்கம். முதல் இரண்டு சிவப்பின் அளவு, நடு இரண்டு பச்சை, கடைசி இரண்டு நீலம். ஒன்பதுக்கு மேல் A முதல் F வரை எழுத்துகள். தன் பொத்தானின் எண்ணைத் திரையில் காட்டினான்: #3F8F2A.

குழு புல்லரித்துப்போனது. அன்று முதல் 'பச்சை', 'சிவப்பு' போன்ற கொச்சைச் சொற்களுக்கு அலுவலகத்தில் மதிப்புக் குறைந்தது. தலைவர் டீ சொல்லும்போதுகூட, "8B5A2B-ல போடச் சொல்லு. நேத்து பால் கூடிப்போச்சு" என்றார்.

"இது வலங்கைமான் பச்சைங்க. நன்னிலத்து நாத்து கொஞ்சம் மஞ்சள் அடிக்கும்" என்று திரையில் இருந்த பொத்தானைக் காட்டி ஆட்சேபித்தார் நன்னிலத்து உறுப்பினர் அக்னஸ்.

தலைவரின் கவலை வேறு. "முதல் ரெண்டு எழுத்து சிவப்பா? நம்ம சங்கம் கட்சி சார்பில்லாதது. எடுத்துடுங்க."

பரிதி எடுத்தான். #008F2A.

"கடைசியில நீலம் இருக்கே? அதுவும் ஒரு கட்சி."

#008F00.

"இப்ப வெறும் பச்சை. அதுக்கும் ஒரு கட்சி இருக்குங்களே" என்றார் அக்னஸ்.

அதையும் எடுத்தான். #000000. திரையில் பொத்தான் கன்னங்கரேலென்று நின்றது. கறுப்பு யாருடையது என்று இந்த ஜில்லாவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. விவகாரம் துணைக்குழுவுக்குப் போனது.

அம்சவல்லி போனில் பிடித்தாள்.

"ஏன்டா பரிதி, ஏதோ ஒரு கலர்ல அதைத் திறந்து வுட்டுத் தொலையேன்டா. தூறல் போடுது."

"தீர்மானம் ஆகாம தொட்டா என் வேலை போயிடும் அத்தை. தார்ப்பாய் போட்டு மூடுங்க."

"தார்ப்பாய் நீலமா இருக்கேடா. உங்க தலைவர் ஒத்துக்குவாரா?"

பரிதி போனை வைத்தான். ஒரு விரல் தட்டினால் பொத்தான் திறந்துவிடும். அந்த விரலால் மடிக்கணினியைத் திறந்தான். துணைக்குழு கேட்ட பச்சைகளை அடுக்கி அனுப்பினான்.

மழை மட்டும் ஆட்சேபங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நாள்கணக்கில் விடாமல் ஊற்றி, தார்ப்பாய்க்கு அடியிலும் புகுந்து ஓய்ந்தது. களத்தைப் பார்வையிட வந்த தலைவர், அம்சவல்லியின் அம்பாரத்தருகே சிலையாக நின்றார். நெல் முளைத்திருந்தது. தளதளவென்று, கண்ணைப் பறிக்கும் நிறத்தில்.

"இதுதான்யா நாம தேடின கலர்! பரிதி, போட்டோ எடுத்து நம்பரைச் சொல்லுங்க."

"#A8C94B. இதுல சிவப்பு முன்னைவிட ஜாஸ்திங்க ஐயா."

"அது மழை குடுத்த சிவப்பு. மழைக்கு ஏதுய்யா கட்சி?"

நின்ற இடத்திலேயே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பொத்தான் உயிர்பெற்றது. முதலில் அழுத்தும் கௌரவத்தை அம்சவல்லிக்கே அளித்தார்கள். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அழுத்தினாள். தராசருகே நின்ற சங்கத்து எடை அலுவலர் ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்துத் தன் கைப்பேசியைத் தட்டினார். அடுத்த நொடி அவள் திரை முழுக்க எழுத்து விரிந்தது: 'முளைத்த நெல் நிராகரிக்கப்பட்டது.'

அது #FF0000. சுத்தச் சிவப்பு. அந்த நிறத்துக்கு மட்டும் எந்தக் கூட்டமும் தேவைப்படவில்லை. முதல் நாளே தயாராக இருந்தது.